மகளுக்கு ஜெர்மனியில் கல்யாணம்: பெற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

மதுரைப் பக்கமிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் மியூனிக்கில் வேலை பார்க்கிறாள், பவேரியாவில் ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஜெர்மன் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அடுத்த ஜூலையில் தேதி. இங்கிருந்து பதினான்கு பேர் கிளம்புகிறார்கள். பதிவு அலுவலக அறையில் இருபது நாற்காலிதான், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று மகள் சொல்கிறாள். நம் முறைப்படி அங்கே தாலி கட்டினால் செல்லுமா, அதை எப்படி நடத்துவது, அவர்கள் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பது கேள்வி. செல்லுமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், ஐயா, அதற்குப் பின்னால் நீங்கள் கேட்பது பெண்ணைப் பெற்றவர்களுக்கு அந்தக் கல்யாணத்தில் என்ன இடம் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சொல்லப் பார்க்கிறேன். நான் ஜெர்மனியில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த தமிழ்-ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர். இப்படிப்பட்ட கல்யாணங்களில் பதிவாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷமாகப் பேசி வருகிறேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் மகள் தன் ஊர்ப் பதிவகத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. ஜெர்மனியில் ஸ்டாண்டெஸாம்ட் எனப்படும் பதிவகத்தில் நடப்பது மட்டும்தான் சட்டப்படி கல்யாணம். 1876 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க இதுதான் விதி. சர்ச்சில் நடப்பதற்கே சட்ட மதிப்பு கிடையாது. 2008 முடியும் வரை, பதிவகத்துக்கு முன்னால் சர்ச்சில் கல்யாணம் செய்துவைப்பதே தடை செய்யப்பட்டிருந்தது. ஆக, உங்கள் தாலி செல்லாது. அவர்கள் பாதிரியார் தரும் ஆசியும் செல்லாது. இந்த விஷயத்தில் இரண்டு வீடும் சமம். தூதரகத்தில் வைத்து முடித்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். மணமக்களில் ஒருவர் ஜெர்மன் குடிமகன் என்றால் ஜெர்மனிக்குள் அந்த வழி இல்லை. மதுரையில் கோயிலில் வைத்துக் கட்டி, இந்து திருமணச் சட்டத்தில் பதிந்துவிடலாம் என்பதும் சரிவராது. அந்தச் சட்டம் இரு தரப்பும் இந்துவாக இருந்தால்தான். இல்லையென்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், அதன் முப்பது நாள் அறிவிப்பு என்று போக வேண்டும். மகள் ஏற்கெனவே அங்கே இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? சட்டத்தைப் பதிவகத்திடம் விட்டுவிடுங்கள். அப்புறம் தாலி கட்டும் நாளை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் நீங்கள் அமைத்துக்கொள்ளலாம். இதை நான் நல்ல செய்தியாகத்தான் சொல்கிறேன்.

காகித வேலையில் பெற்றவர்களுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. மகள் அதை உங்களிடம் சொன்னாளா தெரியவில்லை. வெளிநாட்டவர் அங்கே கல்யாணம் செய்ய, தன் நாட்டுச் சட்டப்படி தனக்குத் தடை ஏதும் இல்லை என்று சான்று காட்ட வேண்டும். ஜெர்மனி கேட்கும் வடிவத்தில் இந்தியா அப்படி ஒரு சான்று தருவதில்லை. அதனால் அந்தப் பகுதியின் மேல்நிலை நீதிமன்றத் தலைவர் அந்தச் சான்றிலிருந்து விலக்கு தர வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றும், மணமாகாதவர் என்பதற்கான ஆவணமும் போகும். ஒரு நாட்டு ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி அதை ஏற்கவில்லை. ஆகவே நீங்கள் டெல்லியில் முத்திரை வாங்கி அனுப்பினாலும் ஜெர்மன் அதிகாரிக்கு அது போதாது. அவர்களே இந்தியாவில் உள்ள தங்கள் தூதரக அலுவலகம் வழியாக ஆவணங்களைச் சரிபார்க்கச் சொல்வார்கள். தூதரகம் அமர்த்திய வக்கீல் ஒருவர் பிறப்புப் பதிவேட்டைப் பார்ப்பார். வீட்டுக்கும் வரலாம், அக்கம்பக்கத்திலும் விசாரிக்கலாம். இது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் எதிர்வீட்டு அம்மாவிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வையுங்கள். "பொண்ணுக்கா? ரெண்டு வருஷம் முன்னாடியே பேசி முடிச்சாச்சே" என்று யாரோ வாய்தவறிச் சொன்னது அறிக்கையில் ஏறி, மறுபடி விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் இனிஷியல். நம் பெண்களின் பிறப்புச் சான்றில் வெறும் பெயர் இருக்கும், பள்ளிச் சான்றில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, சில சமயம் குடும்பப் பெயர் என்ற கட்டமே காலி. ஜெர்மன் பதிவாளருக்கு முதல் பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். உங்கள் பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். உங்கள் மனைவியுடையதையும்தான். பதிவகத்திலேயே பெயரைப் பிரித்து அறிவிக்கச் சட்டத்தில் வழி உண்டு. 2025 மே முதல் கணவன் மனைவி இருவரும் இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளவும் விதி தளர்ந்திருக்கிறது. எந்தப் பெயர் என்பது அவர்கள் இருவரும் எடுக்கும் முடிவு. உங்கள் பெயர் மகளின் குடும்பப் பெயராக ஜெர்மன் பதிவேட்டில் ஏறினால் ஆச்சரியப்படாதீர்கள். மாப்பிள்ளையே அதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது.

இனி அந்த அரை மணி நேரம். பலரும் அதை ஏதோ ரேஷன் கார்டு அலுவலக வேலை மாதிரி கற்பனை செய்துகொண்டு போய், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள். பல ஊர்களில் அந்த அறை பழைய நகரமன்றக் கட்டடத்தில் இருக்கும். பூ வைத்த மேசை, மணமக்களுக்கு இரண்டு நாற்காலி, பின்னால் வரிசை. பதிவாளர் இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருப்பார், அதை ஒரு சிறிய பேச்சாகச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்பார். இருவரும் ஒரே நேரத்தில் நேரில் இருந்து சொல்ல வேண்டும், நிபந்தனை எதுவும் சேர்க்கக்கூடாது. மோதிரம் மாற்றுவார்கள். அங்கே கல்யாண மோதிரம் வலது கையில். கையெழுத்து. அவ்வளவுதான். சாட்சி கட்டாயம் என்பது 1998-லேயே போய்விட்டது. விரும்பினால் இரண்டு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். இங்கேதான் உங்களுக்கு ஒரு யோசனை. மகள் தன் சாட்சியாகத் தாய்மாமாவையோ அத்தையையோ வைக்கட்டும். பாஸ்போர்ட் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். மொழி புரியாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கே ஜெர்மன் சரளம் இல்லையென்றால் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். உறவுக்காரர் ஒருவர் செய்துவிடுவார் என்பதைப் பெரும்பாலான பதிவாளர்கள் ஏற்பதில்லை. நாற்காலி இருபது என்றால் இருபதுதான், ஓரமாக நின்றுகொள்கிறோம் என்ற பேச்சுக்கு இடமில்லை. உங்கள் பக்கம் பத்து, அவர்கள் பக்கம் பத்து என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள். மீதி நாலு பேர் வாசலில் மாலையோடு காத்திருக்கட்டும். வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஷாம்பெய்ன் மாதிரியான ஸெக்ட் ஊற்றுவார்கள், ஆரஞ்சு ஜூசும் இருக்கும். அட்சதை மட்டும் அங்கே வேண்டாம். அரிசி தூவுவதைப் பல நகரமன்றங்கள் தடை செய்திருக்கின்றன, துப்புரவுக் கட்டணம் மாப்பிள்ளை தலையில் விழும்.

தேதிக்கு வருவோம். ஜூலை என்றீர்கள். மாத நடுவுக்குமேல் ஆடி பிறந்துவிடும், வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஜெர்மானியருக்கோ மே முதல் செப்டம்பர் வரைதான் கல்யாண சீசன். ஆடி என்றால் என்ன என்று மாப்பிள்ளை வீட்டில் யாருக்கும் தெரியாது. சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் முதலிலேயே சொல்ல வேண்டும். மண்டபம் பிடித்து, முன்பணம் கட்டி, அழைப்பிதழ் போன பிறகு சொன்னால் மனஸ்தாபம். பதிவகம் ஆடியில் இருந்தால் என்ன, தாலியை ஆனியிலோ ஆவணியிலோ வைத்துக்கொள்ளலாமே என்பது என் எண்ணம். ஆனால் பதினான்கு பேர் இரண்டு முறை பறக்க முடியாதென்றால் ஜூன் கடைசி அல்லது ஜூலை முதல் வாரத்தைக் கேளுங்கள். நேரம் குறிக்கும்போது சென்னைப் பஞ்சாங்கத்தை அப்படியே எடுக்காதீர்கள். ஜூலைத் தொடக்கத்தில் மியூனிக்கில் சூரியன் 5.20 வாக்கில் உதித்து இரவு 9.15 வாக்கில்தான் மறையும். பகல் பதினாறு மணி நேரம். அதை எட்டாகப் பிரித்தால் ராகு காலம் ஒன்றரை மணிக்குப் பதில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமைக்கு நாம் 9 முதல் 10.30 என்று சொல்வது அங்கே ஏறக்குறைய 9.20 முதல் 11.20 வரை வரும். ஐரோப்பாவிலுள்ள ஈழத்தமிழ்க் குருக்கள்மாருக்கு இந்தக் கணக்கு அத்துப்படி, அவர்களிடமே கேட்டுவிடலாம்.

எந்தக் கிழமை என்பதில் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் மோதும். அவர்கள் வெள்ளிக்கிழமை பதிவகம், சனிக்கிழமை சர்ச்சும் விருந்தும் என்று வைப்பார்கள். நமக்குச் சனி ஆகாது, ஞாயிறு முகூர்த்தம் நல்லது. ஆனால் அங்கே ஞாயிறு காலை வேண்டவே வேண்டாம். சனி இரவு விருந்து இரண்டு மூன்று மணி வரை போகும், மணவறையில் மாப்பிள்ளை தூங்கி வழிவார். ஞாயிறன்று கடை எதுவும் திறக்காது, ஒரு கற்பூரம் குறைந்தால்கூட வாங்க முடியாது. நான் பார்த்தவரை ஒழுங்காக நடந்தவை வியாழன் பதிவகம், வெள்ளி காலை தாலி, சனி விருந்து என்று அமைந்தவைதான். விருந்தினர் வெள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும், அதை அழைப்பிதழிலேயே போட்டுவிடலாம்.

குருக்களுக்கும் நாதஸ்வரத்துக்கும் கவலை வேண்டாம். ஈழத்தமிழர் வந்து குடியேறி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது, எல்லாம் கிடைக்கும். ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் பெரியது. ஆனால் மியூனிக்கிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அதனால் மண்டபத்துக்குக் குருக்களை வரவழைப்பதுதான் எளிது. மணவறை அலங்காரம், மாலை, கூறைச்சேலை வரை வாடகைக்கோ விலைக்கோ தருபவர்கள் இருக்கிறார்கள். சடங்கு ஈழ முறையில் கொஞ்சம் மாறும். உங்கள் வீட்டில் கட்டாயம் வேண்டியது எது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மண்டபக்காரரிடம் இரண்டு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: தீ வளர்க்க அனுமதி, மஞ்சள் குங்குமம் தரையில் பட்டால் யார் பொறுப்பு. ஓமப் புகைக்கு அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்களுடையது. தோட்டம் இருக்கிற இடமாகப் பார்த்தால் ஓமத்தை வெளியே வைத்துக்கொள்ளலாம். வெள்ளை மேசைவிரிப்பில் மஞ்சள் தண்ணீர் சிந்திய பில்லைப் பார்த்தவர்கள் அப்புறம் பிளாஸ்டிக் விரிப்பு இல்லாமல் எங்கும் போவதில்லை.

சடங்கு ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் இருக்கட்டும். எது ஏன் நடக்கிறது என்று ஒரு பக்கத்தில் ஜெர்மனில் அச்சடித்து ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்துவிடுங்கள். அவர்கள் படிப்பார்கள், வரிக்கு வரி பின்தொடர்வார்கள். நாம் பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பதைத்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். கேலி செய்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் கண்டதில்லை. சங்கடப்படுவதைக் கண்டிருக்கிறேன், அதுவும் இரண்டே இடத்தில். ஒன்று பாத பூஜை: தன் காலை இன்னொருவர் கழுவுவது மாப்பிள்ளைக்கும் அவர் பெற்றோருக்கும் கூச்சமாக இருக்கும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று கன்னிகாதானம். பெண்ணைத் தானமாகக் கொடுப்பதை அந்தத் தாளில் எப்படி எழுதுவது என்பதை மகளிடமே விட்டுவிடுங்கள். அதை வேண்டாம் என்று அவளே சொன்னாலும் சொல்வாள். மற்றபடி சம்பந்தியம்மாவுக்கு ஒரு சேலை கட்டிவிட்டு, கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்தால் அவர்தான் அன்றைய கதாநாயகி.

பெற்றவர்களின் இடம் என்று கேட்டீர்களே, அதற்கு நேரடியான பதில் கொஞ்சம் கசக்கும். அங்கே கல்யாணம் மணமக்களுடையது. யார் வருவது, என்ன சாப்பாடு, எந்தப் பாட்டு எல்லாம் அவர்கள் முடிவு. மாப்பிள்ளையின் பெற்றோரும் அழைக்கப்பட்டவர்கள்தான். சம்பந்தி வந்து உங்களிடம் கலந்து பேசவில்லை என்றால் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரிடமும் யாரும் கலந்து பேசியிருக்க மாட்டார்கள். அவர் உங்களைப் பேர் சொல்லி அழைத்தால் அது நெருக்கத்துக்கு அடையாளம். ஆனால் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் மகளிடம் கேட்டால் மகிழ்ச்சியாகத் தருவார்கள். விருந்தில் பெண்ணின் தந்தை நாலு நிமிஷம் பேசுவது அங்கே எதிர்பார்ப்பதுதான். தமிழில் பேசுங்கள், பத்தி பத்தியாக யாராவது ஜெர்மனில் சொல்லட்டும். பணத்தையும் அப்படியே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். பெண்வீடுதான் செலவு செய்ய வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. பெரும்பாலும் மணமக்களே போடுவார்கள், இரண்டு வீடும் முடிந்ததைக் கொடுக்கும். தாலி கட்டும் நாளின் செலவு எங்களுடையது என்று சொல்லிவிட்டால் அந்த நாளின் முடிவுகளும் தானாக உங்கள் கைக்கு வந்துவிடும்.

பவேரியாவின் சில வழக்கங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஊருக்கு ஊர் மாறும், உங்கள் சம்பந்தி ஊரில் எது இருக்கிறது என்று மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன் ஒரு மாலை நண்பர்கள் பழைய பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உடைப்பார்கள், மணமக்கள் சேர்ந்து கூட்டிப் பெருக்க வேண்டும். கண்ணாடி உடைக்க மாட்டார்கள், அது அபசகுனம். இருவரும் ரம்பத்தின் இரு முனையைப் பிடித்து ஒரு மரக்கட்டையை அறுக்கும் சடங்கும் உண்டு. சில கிராமங்களில் விடியற்காலையில் வேட்டு வெடித்து மணப்பெண்ணை எழுப்புவார்கள். விருந்தின் நடுவே மாப்பிள்ளையின் நண்பர்கள் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வேறொரு பீர்க்கடைக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடித்து எல்லார் பில்லையும் கட்டி மீட்க வேண்டும். பாட்டியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய முறைக் கல்யாணங்களில் விருந்தினரே தம் சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பதும் உண்டு, நம் மொய்யைச் சாப்பாட்டு மேசையிலேயே வாங்கிக்கொள்வது மாதிரி. உடையில் ஒன்றே ஒன்று: மணப்பெண் தவிர மற்ற பெண்கள் முழு வெள்ளை உடுத்தக்கூடாது, ஆகவே வெண்பட்டு வேண்டாம். அவர்கள் பக்கத்தில் யாராவது கறுப்பு உடுத்தி வந்தால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பாட்டில்தான் சைவர்கள் ஏமாறுவார்கள். அங்கே சைவம் என்றால் முட்டை உண்டு. கல்யாணச் சூப்பின் சாறு மாட்டிறைச்சியில் எடுத்தது, அதில் மிதக்கும் உருண்டை பெரும்பாலும் ஈரல். பவேரியன் கிரீம் என்ற இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். சைவம் என்று ஒரு சொல்லில் விடாமல் முட்டை, இறைச்சிச் சாறு, ஜெலட்டின் மூன்றையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். தாலி கட்டும் நாளுக்கு ஈழத்தமிழ்ச் சமையல்காரர் கிடைப்பார். அவர்கள் காரம் நம் காரத்தைவிட ஒரு படி மேலே, ஜெர்மன் மேசைக்குத் தனியாகக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

விசா பதினான்கு பேருக்கும் தனித்தனி விண்ணப்பம். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் போட முடியாது, பதினைந்து நாளுக்குக் குறைவாகவும் கூடாது. கோடைக்கு நேரம் கிடைப்பது கடினம், ஆறு மாதம் தொடங்கும் அன்றே பாருங்கள். பெரியவர்களுக்கு 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். வருமானம் காட்ட முடியாத பெரியவர்களுக்கு மகளோ மாப்பிள்ளையோ அங்கே அதிகாரியிடம் பொறுப்புறுதிப் பத்திரம் எழுதித் தரலாம். அது வெறும் சம்பிரதாயக் கடிதம் இல்லை, செலவு வந்தால் அவர்களிடம் வசூலிப்பார்கள். எல்லாருக்கும் விசா கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. சொந்தத் தொழில் கணக்கில்லாத இளவட்ட உறவினர்களுக்குத்தான் அதிகம் மறுக்கப்படுவதைப் பார்க்கிறேன். சடங்கில் கட்டாயம் தேவைப்படும் ஆளாக அவர்களை வைக்காதீர்கள்.

கடைசியாகப் பெட்டி. தேங்காயும் வாழைப்பழமும் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகலாம். வெற்றிலை, மாவிலை, கறிவேப்பிலை, வாழையிலை, மல்லிகைச் சரம் எதுவும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே போகாது, அங்கேயே கடையில் சொல்லி வையுங்கள். நெய்யும் தயிரும் கூடாது என்பது உறுதி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை மிட்டாய் என்று விடுவதும் பால் பொருள் என்று எடுத்துப் போடுவதும் எதிரே நிற்கும் சுங்க அதிகாரியைப் பொறுத்தது. முறுக்கும் அதிரசமும் எடுத்துப் போங்கள். நகையில் கவனம் வேண்டும். நீங்கள் அணிந்துபோய் அணிந்து திரும்புவதற்குக் கேள்வி இல்லை. ஆனால் மகளுக்குத் தாலிக்கொடி, மாப்பிள்ளைக்குச் சங்கிலி என்று கொடுத்துவிட்டு வரும் தங்கம் ஆளுக்கு 430 யூரோவைத் தாண்டினால் விமான நிலையச் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். சொல்லாமல் பச்சை வழியில் போய் மாட்டினால் வரியோடு அபராதமும் சேரும். ரசீதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், தாலியைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.